இஞ்சின் நம்பர் இருந்த இடம்

வாக்குமூலம் அளிப்பவர்: பேச்சிராஜ், வயது 23, தந்தை பெயர் சுடலை. சொந்த முகவரி: வடக்குத் தெரு, விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம். தற்போதைய முகவரி: யாகப்பன் என்பவர் வீட்டு மாடி அறை, மாதா கோயில் தெரு, சேரப்பணஞ்சேரி, ஸ்ரீபெரும்புதூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம். தொழில்: ஒரகடம் அருகே தனியார் தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளி. பதிவு செய்யப்பட்ட நாள்: 18.8.2005.

நான் மேலே சொன்ன முகவரியில் இரண்டு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். ஊரில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, எங்கள் பக்கத்துப் பையன்கள் வந்ததைப் பார்த்து நானும் இங்கே வேலைக்கு வந்தேன். எங்கள் தொழிற்சாலையில் வண்டிகளுக்கு வேண்டிய வார்ப்பு இரும்புப் பாகம் ஒன்றைச் செய்கிறார்கள். அதில் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை பிசிறு எடுப்பது. வார்ப்பிலிருந்து வரும் பாகத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறையும், மூடி உட்காரும் சமதளத்தில் அச்சிலிருந்து பதிந்து வரும் நம்பரையும் கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். அந்த நம்பர் எந்த அச்சில் வார்த்தது என்று வார்ப்புப் பிரிவுக்காரர்கள் தெரிந்துகொள்வதற்காகப் போடுவது என்றும், எங்களிடம் வந்து சேரும்போது அதற்கு வேலை முடிந்துவிட்டது என்றும் நான் சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்தார். நம்பர் மிச்சம் இருந்தால் மூடி சரியாக உட்காராது, எண்ணெய் கசியும். இரண்டு வருடமாக நான் செய்தது இந்த ஒரு வேலைதான். அந்தப் பாகம் எந்த வண்டியில் எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முழு இஞ்சின் ஒன்றை நான் பக்கத்தில் நின்று பார்த்தது இந்த விவகாரத்தில்தான் முதல் முறை.

எங்கள் பிரிவில் பயிற்சியில் இருப்பவர்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருப்பதாக சூப்பர்வைசர் சொன்னார். அதற்கு, என் மேல் எந்த வழக்கும் இல்லை என்று காவல் நிலையத்தில் சான்று வாங்க வேண்டும். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் இதை வைத்துத்தான் நடந்தது.

மேற்படி யாகப்பன் என் வீட்டுக்காரர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் வயதில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். முதல் நாள் கூப்பிட்டபோது, “அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகினு கீறேன்?” என்று கேட்டார். அப்புறம் அவருக்கே அது பிடித்துப்போய், மற்ற பையன்களிடமும் தன்னை அப்படியே கூப்பிடச் சொன்னார். அவர் மனைவி ரோஸியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்குப் பழைய வெள்ளை அம்பாசடர் கார் ஒன்று உண்டு. வாடகை பர்மிட் உள்ள வண்டி. சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்திலிருந்து ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் விடுவார். ஒரு நடைக்கு எத்தனை பேரை ஏற்றுவார் என்று கேட்கப்பட்டதற்கு, அது இந்த வழக்குக்கு அவசியம் இல்லை என்றால் நான் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். அந்தக் குடும்பத்துக்கு அந்த வண்டியைத் தவிர வேறு வருமானம் கிடையாது.

இந்த வருடம் கோடையில் அந்த வண்டியின் பெட்ரோல் இஞ்சின் படுத்துவிட்டது. ஒரகடம் மேட்டில் ஏறும்போது பின்னால் வருகிறவர்களுக்கு ரோடு தெரியாத அளவுக்குப் புகை வந்தது. பெட்ரோலையும் தண்ணீராகக் குடித்தது. படப்பையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் தாண்டவராயன் என்பவர் பார்த்துவிட்டு, இதற்கு வைத்தியம் பார்ப்பது வீண் என்றும், பழைய டீசல் இஞ்சின் ஒன்று கிடைத்தால் எடுத்துப் போட்டுவிடலாம், வண்டி இன்னும் பத்து வருடம் ஓடும் என்றும் சொன்னார். இந்தப் பக்கத்தில் நிறைய அம்பாசடர் அப்படித்தான் ஓடுகிறது.

அதன் பிறகு வல்லக்கோட்டையில் பிச்சையா என்பவரிடம் ஒரு டீசல் இஞ்சின் இருப்பதாகத் தெரிந்து, அண்ணாச்சியும் தாண்டவராயனும் போய்ப் பார்த்தார்கள். மேற்படி பிச்சையா வேன் வைத்துக் கோழித் தீவனம் ஏற்றிக்கொண்டிருந்தவர். வேன் ஏரிக்கரையில் உருண்டு சேசிஸ் வளைந்துவிட்டதால், உடம்பை எடைக்குப் போட்டுவிட்டு இஞ்சினை மட்டும் வீட்டுக் கொட்டகையில் வைத்திருந்தார். அதை வாங்கி, ஒரு டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து அண்ணாச்சி வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் இறக்கினார்கள். வேனுடைய காகிதங்களின் நகலையும் பிச்சையா கொடுத்திருந்தார். அதில் இஞ்சின் நம்பர் இருக்கிறது. அந்த நகல் இப்போது உங்களிடம் இருக்கிறது.

இறக்கும்போது நானும் ஒரு கை பிடித்தேன். அந்த இஞ்சின் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். எண்ணெயும் புழுதியும் தீவனத் தவிடும் சேர்ந்து விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. எது இரும்பு, எது அழுக்கு என்று தெரியவில்லை. ரோஸி அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, “கோயி வாசன அடிக்குதேய்யா, இதையா வண்டிக்குள்ள வைக்கப் போற?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

அதைத் தொடர்ந்து தாண்டவராயன் மூன்று இரும்புக் குழாய்களைக் கூம்பாக நிறுத்தி, அதில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, காரின் பானெட்டைக் கழற்றிவிட்டுப் பழைய இஞ்சினைத் தூக்கி எடுத்தார். புது இஞ்சின் நீளத்தில் கொஞ்சம் அதிகம். அதற்காக ரேடியேட்டரை முன்னால் தள்ள வேண்டியிருந்தது. இஞ்சினைத் தாங்கும் கால்களை வெட்டி மாற்றிப் பற்ற வைக்க வேண்டியிருந்தது. இந்த இஞ்சினும் பழைய கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதால் இரண்டுக்கும் நடுவில் வைக்க ஒரு கனமான இரும்புத் தட்டை லேத்தில் கடைந்து வாங்க வேண்டும் என்றார். நான் ஷிப்டு இல்லாத நேரத்தில் எல்லாம் போய் உதவி செய்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒரே பாகத்தை நாள் முழுக்கப் பார்க்கிறவனுக்கு, எல்லாப் பாகமும் சேர்ந்து ஒன்றாக இருப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தாண்டவராயன் மேற்படி தட்டைக் கடைந்து வாங்குவதற்காக லேத் பட்டறைக்குப் போனார். அண்ணாச்சியும் ரோஸி அக்காவும் கோயிலுக்குப் பூசைக்குப் போனார்கள். எனக்கு அன்று இரண்டாவது ஷிப்டு என்பதால் காலையில் சும்மா இருந்தேன். போகும்போது தாண்டவராயன் என்னிடம், “பேச்சி, நான் வர்றதுக்குள்ள அத்த கொஞ்சம் சுத்தம் பண்ணி வை. பெயிண்ட் அடிச்சி மாட்டிரலாம்” என்று சொன்னார். அவர் சொன்னது இவ்வளவுதான். அண்ணாச்சி எதுவும் சொல்லவில்லை.

நான் முதலில் டீசல் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். பிறகு தகட்டால் சுரண்டினேன். அழுக்கு போனதும் கீழே நல்ல வார்ப்பு தெரிந்தது. ஆனால் ஓரமெல்லாம் ஒழுங்கில்லாமல் இருந்தது. ஒரு காலின் பக்கத்தில், எப்போதோ போல்ட் உடைந்து பற்ற வைத்த இடம் கொழுக்கட்டை மாதிரி மேடு தட்டியிருந்தது. தாண்டவராயனின் கை கிரைண்டர் அங்கேயே இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து வயர் இழுத்து மாட்டிக்கொண்டு, அந்த மேட்டைத் தேய்த்து எடுத்தேன். ஓரத்துப் பிசிறுகளை எடுத்தேன். அதன் பிறகு இஞ்சினின் பக்கவாட்டில் மேல்பக்கமாக, தீப்பெட்டி அகலத்துக்குச் சமமான ஒரு திட்டு இருந்தது. அதில் எழுத்தும் எண்ணும் இருந்தன. அதையும் தேய்த்து எடுத்தேன்.

அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கப்பட்டதற்கு, நான் படிக்கவில்லை. நாங்கள் நம்பரைப் படிப்பதில்லை, தேய்ப்போம். உங்கள் கம்பெனியில் வரும் நம்பர் மேடாக இருக்கும், இது பள்ளமாகக் குத்தியது, இந்த வித்தியாசம்கூடவா தெரியாது என்று ஆய்வாளர் அவர்கள் கேட்டதற்கு, தெரியும். குத்திய எழுத்தைச் சுற்றித் துரு ஏறி, விளிம்பு தூக்கியிருந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். கீறியது. விரலைக் கீறினால் தேய்க்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. இஞ்சினுக்கு என்று தனியாக ஒரு நம்பர் உண்டு, அதை அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. வண்டி நம்பர் என்றால் முன்னாலும் பின்னாலும் பலகையில் எழுதியிருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இதை ஒரு ஐ.டி.ஐ. படித்தவன் சொன்னால் யார் நம்புவார்கள் என்றும் கேட்கப்பட்டது. நம்புவது கஷ்டம்தான். எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

தாண்டவராயன் தட்டோடு திரும்பி வந்தபோது நான் வெள்ளி நிற பெயிண்ட் ஒரு கோட்டு அடித்து முடித்திருந்தேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இன்னாடா இது, ஷோரூம்லேந்து எறக்குன மாரி கீது” என்றார். நம்பரைப் பற்றி அவர் கேட்கவில்லை. பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது என்று நினைத்திருப்பார். பூசை முடிந்து வந்த அண்ணாச்சி, வெள்ளைச் சட்டையோடு குனிந்து அதைத் தொட்டுப் பார்த்து, கையெல்லாம் பெயிண்ட் ஆக்கிக்கொண்டார். அதற்காக ரோஸி அக்கா திட்டினார். நான் அன்று ஷிப்டுக்கு மிகவும் சந்தோஷமாகப் போனேன்.

அதன் பிறகு அந்த வாரத்திலேயே இஞ்சினைத் தூக்கிக் காரில் இறக்கி, தட்டை வைத்து கியர்பாக்ஸோடு முடுக்கி, டீசல் குழாய், சைலன்சர் எல்லாம் மாட்டினார்கள். முதல் முறை கிளப்பியபோது கார் முழுவதும் உதறியது. கண்ணாடி, கதவு, டிக்கி மூடி எல்லாம் தனித்தனியாகச் சத்தம் போட்டன. ரோஸி அக்கா வாசலில் நின்று, “ஏன்யா, இது காரா, அரிசி மில்லா?” என்று கேட்டார். அண்ணாச்சி இறங்கவே இல்லை. உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தார்.

வண்டியை உடனே வாடகைக்கு ஓட்டலாம் என்று தாண்டவராயன் சொன்னதற்கு, அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. இஞ்சின் மாற்றியதை ஆர்.சி. புத்தகத்தில் எழுதி வாங்காமல் ஆள் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். திருட்டு இஞ்சினை வைத்திருப்பவர் அதைத் தானே ஓட்டிக்கொண்டு போய் அதிகாரிகளிடம் காட்டுவாரா என்பதை இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறேன். அப்படித் துணிந்து கொண்டுவந்து காட்டியவர்களையும் பார்த்திருக்கிறோம் என்று ஆய்வாளர் அவர்கள் பதில் சொன்னார்கள். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதப்பட்டது.

அதைத் தொடர்ந்து இந்த மாதம் முதல் வாரத்தில், எனக்கு வார விடுமுறையாக இருந்த ஒரு நாளில், அண்ணாச்சி வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். பார்க்க வேண்டும் என்று நானாகத்தான் கேட்டுப் போனேன். அங்கே இஞ்சின் நம்பரைப் பிரதி எடுப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நம்பர் இருக்கும் இடத்தில் மெல்லிய காகிதத்தை ஒட்டி, அதன் மேல் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்ப்பார்கள். குத்திய எழுத்து வெள்ளையாகவும் மற்ற இடம் கருப்பாகவும் காகிதத்தில் வந்துவிடும். அந்த வேலை செய்பவர் பானெட்டைத் திறந்து, தின்னரைத் துணியில் தொட்டு அந்தத் திட்டில் இருந்த பெயிண்டைத் துடைத்தார். காகிதத்தை வைத்துத் தேய்த்தார். காகிதம் முழுவதும் ஒரே கருப்பாக வந்தது. எங்கேயும் ஒரு கோடுகூட இல்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். அந்தக் கருப்பைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பெருமை. தளம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது. அவர் இன்னொரு காகிதம் எடுத்து மறுபடியும் தேய்த்தார். அப்புறம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இன்னா பெர்சு, இங்க நம்பரே இல்ல, கண்ணாடி மாரி வயிச்சி வச்சிகீறீங்க?” என்று அண்ணாச்சியிடம் கேட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

அதன் பிறகு அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். இஞ்சின் நம்பரைத் தேய்ப்பது என்ன குற்றம் தெரியுமா என்றும், யார் தேய்த்தது என்றும் கேட்டார். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தனியாக இருந்தது யார் என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, “நான்தான் சார். பெயிண்ட் நல்லா ஒட்டட்டும்னு தேச்சிட்டேன்” என்றார். சொல்லிவிட்டு என்னிடம், “நீ கெளம்பு ராசா, ஷிப்டுக்கு நேரமாவுது பாரு” என்றார். அன்று எனக்கு ஷிப்டு இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

நான் கிளம்பிவிட்டேன். ஏன் போனாய் என்று கேட்கப்பட்டதற்கு, பயம்தான் காரணம். நிரந்தரப் பட்டியலும் காவல் நிலையச் சான்றும் என் நினைவுக்கு வந்தன. அவருக்கும் அதே நினைவு வந்துதான் என்னைப் போகச் சொன்னார் என்பதும் எனக்கு அந்த நிமிடமே தெரியும். தெரிந்துதான் போனேன்.

அன்றைக்கே வண்டியைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனதாகவும், அண்ணாச்சியை விசாரணைக்கு வைத்திருப்பதாகவும் பிறகு கேள்விப்பட்டேன். குன்றத்தூர் பக்கத்தில், பிச்சையாவின் வேனைப் போலவே அதே கம்பெனி வேன் ஒன்று திருடுபோய், இஞ்சின் இல்லாத வெறும் கூடு மட்டும் ஏரிக்குள் கிடைத்திருக்கிறது என்றும், அந்த இஞ்சின்தான் இது என்று போலீஸார் சந்தேகப்படுவதாகவும் சொன்னார்கள். மறுநாள் நீதிமன்றத்தில் நிறுத்தி அவரை உள்ளே அனுப்பிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் தாண்டவராயன் ஷெட்டைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். அரக்கோணத்தில் மாமியார் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவர் ஓடியது அண்ணாச்சிக்கு இன்னும் கெடுதலாகிவிட்டது.

நான் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தேன். அண்ணாச்சி வண்டி இல்லாததால் ஷேர் ஆட்டோவில் போனேன். ஒரு நாள் ஆட்டோவில் முன் சீட்டில் இருந்த ஒருவர், “நம்ம யாகப்பன் திருட்டு இஞ்சின் வாங்கி மாட்டிகினாராமே. பாத்தா பூசைக்கு மொத ஆளா நிப்பாரு” என்று சொன்னார். மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அந்த ஆட்டோவில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவர் வண்டியில் போனவர்கள். நான் கம்பெனிக்கு முன்னாலேயே இறங்கி மீதித் தூரம் நடந்து போனேன். அன்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ரோஸி அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மாடிப்படி அவர்கள் வாசல் வழியாகத்தான். நான் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் ஏதாவது வேலையாகத் திரும்பி நின்றுகொள்வார். முன்பெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்காமல் விடமாட்டார்.

நேற்று மாலை முதல் ஷிப்டு முடிந்து வந்தபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். அன்று காலையில் மேற்படி பிச்சையாவை அவரே போய்க் கெஞ்சி அழைத்து வந்து காவல் நிலையத்தில் இஞ்சினைக் காட்டியிருக்கிறார். இது என்னுடைய இஞ்சின்தான் என்று அவர் சொல்லிவிட்டால் போதும் என்று நம்பிப் போயிருக்கிறார். நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன்: “அந்த ஆளு மேலயும் கீழயும் பாக்கறாரு. என்து கன்னங்கரேல்னு இருக்கும்மா, இது மாப்ள கணக்கா கீதேன்றாரு. கால்கிட்ட வெல்டிங் வச்ச மேடு ஒண்ணு இருக்கும், அது இருந்தா என்துதான்னு தேடித் தேடிப் பாத்தாரு. அது இல்ல. இன்ஸ்பெக்டர் முன்னாடி எப்டிம்மா சத்தியம் பண்றதுன்னு கும்புடு போட்டுப் போயிட்டாரு.”

அந்த மேட்டையும் நான்தான் தேய்த்தேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “தெரியும்” என்றார். பிறகு சொன்னார்: “ஞாயித்துக்கெயம அவரு பூசைல என் பக்கத்துல நிக்கிறாரு. வூட்ல பல்பு மாட்டத் தெரியாது அவருக்கு. ஜெயில்ல பாத்துக் கேட்டேன், நீ எப்பய்யா கிரைண்டரு புட்ச்ச, உனக்குத் தெரிஞ்ச கிரைண்டரு மாவாட்டுறதுதானேன்னு. சிரிக்கிறாரு. புள்ளைக்கு பர்மனென்ட் ஆவுற நேரம், நீ கம்முனு இருன்றாரு. நான் கம்முனுதான் கீறேன். நீயும் கம்முனு இருந்தா எப்டி தம்பி?”

நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். “நா போயிருதேன்க்கா. நாளைக்கே போய்ச் சொல்லிருதேன்” என்றேன். அவர் எழுந்து உள்ளே போய், ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து படியில் வைத்தார். நான் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதன்படி இன்று காலை ஷிப்டுக்குப் போகாமல், யாரும் சொல்லியோ மிரட்டியோ அல்லாமல், நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். வீட்டுக்காரரைக் காப்பாற்ற அவர் குடும்பம் உன்னை அனுப்பியதா என்று ஆய்வாளர் அவர்கள் கேட்டார்கள். இல்லை. அவர்தான் என்னைக் காப்பாற்ற உள்ளே போயிருக்கிறார். இந்த வாக்குமூலம் பதிவானால் என் மேல் வழக்கு வரலாம், வேலை நிரந்தரமாகாது என்பதை ஆய்வாளர் அவர்கள் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். தெரிந்துதான் சொல்கிறேன்.

நீ தேய்த்தாய் என்பதை ஒத்துக்கொண்டாலும், இது திருட்டு இஞ்சின் இல்லை என்பது அதனால் நிரூபணம் ஆகாது என்றும் சொன்னார்கள். அதுவும் சரிதான். நான் தேய்த்தேன் என்பதற்கே, என்னைச் சுத்தம் பண்ணச் சொல்லிவிட்டுப் போன தாண்டவராயனைத் தவிர சாட்சி இல்லை. மேற்படி இஞ்சினைச் சென்னையில் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பதாகவும், நம்பர் குத்தும்போது அந்த இடத்து இரும்பு அடியில் இறுகியிருக்கும் என்பதால், தேய்த்த இடத்தில் அமிலம் பூசினால் சில சமயம் நம்பரின் சாயல் தெரியும் என்றும், பிச்சையா வேனின் நம்பரில் நாலைந்து எண் பொருந்தினாலே போதும், யாகப்பன் வெளியே வந்துவிடுவார் என்றும் ஆய்வாளர் அவர்கள் சொன்னார்கள். எல்லாம் தேய்த்தவன் எவ்வளவு ஆழம் தேய்த்தான் என்பதைப் பொறுத்தது, ஆழமாகப் போயிருந்தால் ஒன்றும் வராது என்றும் சொன்னார்கள்.

எவ்வளவு ஆழம் தேய்த்தாய் என்று கேட்கப்பட்டதற்கு என் பதில்: கிரைண்டரை வைத்து நம்பர் மறையும் வரை தேய்த்தேன். கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்தவில்லை. எங்கள் லைனில், நம்பர் மறைந்த பிறகும் பாகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அதன் நிழல் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் சூப்பர்வைசர் சிவப்பு மார்க் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே மறைந்த பிறகு இன்னொரு சுற்று கொடுப்போம். இதற்கும் கொடுத்தேன். அதன் பிறகு அரம் போட்டேன். அரம் போட்ட கோடு தெரியாமல் இருக்க மண்ணெண்ணெய் தொட்டு எமரித் தாள் போட்டேன்.

நான் தேய்த்த பாகத்தில் நம்பர் தெரிகிறது என்று இரண்டு வருடத்தில் ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது. அதைச் சொல்லித்தான் என் பெயரைப் பட்டியலில் சேர்த்தார்கள். இது ஒன்றாவது திரும்பி வர வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. நடந்ததில் எதையும் கூட்டியோ மறைத்தோ சொல்லவில்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) சு. பேச்சிராஜ்

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) காவல் ஆய்வாளர்